லேப்டாப்பில் பச்சை, சர்வரில் சிவப்பு: பில்லிங் டெஸ்டுகளுக்குக் குரோமைத் தயார் செய்தது

கடைகளுக்கான ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருள் ஒன்று, பிரவுசரிலேயே ஓடுவது. லாகின், பொருள் சேர்ப்பது, பில் போடுவது, பிடிஎஃப் இறக்குவது, தமிழில் பில் காட்டுவது, கேமராவில் பார்கோடு படிப்பது என்று அதற்கு எழுதிய செலினியம் டெஸ்டுகள் (பிரவுசரை ஆள் இல்லாமல் இயக்கிச் சோதிக்கும் நிரல்கள்) எல்லாம் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையே சர்வரில் டாக்கர் கன்டெய்னருக்குள் (தனியாக ஒதுக்கிய ஒரு குட்டி லினக்ஸ் சூழல்) வைத்து, இரவு 2 மணிக்குத் தானாக ஓடும்படி செய்ததும் பாதிக்குப் பாதி சிவப்பு, அதாவது தோல்வி. டெஸ்ட் கோடில் ஒரு வரிகூட மாறவில்லை.

ஒவ்வொரு தோல்வியையும் பிரித்துப் பார்த்ததில், கிட்டத்தட்ட எல்லாமே பிரவுசர் செட்டிங்கில் வந்து நின்றன. ஆனால் எல்லாவற்றையும் செட்டிங் போட்டே பச்சையாக்கிவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ஒரு செட்டிங் மெஷினின் தொல்லையிலிருந்து டெஸ்டைக் காப்பாற்றினால் சரி, போடலாம். மென்பொருளின் ஓட்டையை டெஸ்டின் கண்ணிலிருந்து மறைத்தால், நாளைக்குக் கடைக்காரர் போன் செய்வார். கீழே வரும் ஒவ்வொன்றையும் அந்தக் கணக்கில்தான் பார்த்தேன். (செட்டிங் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். கோடில் ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள்.)

முதல் வேலையாக, உண்மையில் எந்த பிரவுசர், என்னென்ன ஆப்ஷனோடு ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. டெஸ்டின் தொடக்கத்திலேயே 'குரோம்://வெர்ஷன்' என்ற முகவரியைத் திறந்து, அந்தப் பக்கத்தின் எழுத்தை அப்படியே லாகில் எழுதச் சொல்லிவிட்டேன். பதிப்பு எண், ப்ரொஃபைல் ஃபோல்டர், குரோம் எந்தக் கட்டளை வரியோடு கிளம்பியது என்பது மொத்தமும் அதில் வந்துவிடும். நாம் கொடுத்த ஆப்ஷன்களோடு, செலினியத்துக்கும் குரோமுக்கும் நடுவில் நிற்கும் குரோம்டிரைவர் தானாகச் சேர்த்தவையும் அங்கே தெரியும். எழுத்துப் பிழையோடு ஒரு ஆப்ஷனைக் கொடுத்தால் குரோம் குறை சொல்லாது, பேசாமல் தள்ளிவிட்டுப் போய்விடும். அதனால் ஒரு ஆப்ஷன் கட்டளை வரியில் இருக்கிறது என்பதால் அது வேலை செய்கிறது என்று ஆகாது. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதது வேலை செய்ய வழியே இல்லை.

அப்புறம் பதிப்பு. குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பெரிய பதிப்பை வெளியிடுகிறது. சாதாரண குரோம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், குரோம்டிரைவர் பழையதாகவே நிற்கும், காலையில் வந்து பார்த்தால் 'செஷன் உருவாகவில்லை' என்ற பிழை. இந்தத் தொல்லைக்காகவே 2023-இல் கூகுள் 'குரோம் ஃபார் டெஸ்டிங்' என்ற தனிக் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 115-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு இணையான குரோம்டிரைவரும் கூடவே வெளியாகிறது. செலினியம் 4.6-இலிருந்து வரும் செலினியம் மேனேஜர், பொருந்தும் டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். நான் பிரவுசர் பதிப்பை எண்ணோடு கட்டிப்போட்டு, இமேஜை (கன்டெய்னர் கிளம்பும் மூலப் பொதி) மறுபடி கட்டும்போது மட்டும் அந்த எண்ணை மாற்றுகிறேன். கடைக்காரர்களின் குரோம் தானாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே இந்த எண்ணை வருடக்கணக்கில் தொடாமல் விடுவதும் ஆபத்துதான்.

கன்டெய்னருக்குள் குரோம் பாதியில் செத்துப்போவது அடுத்த சங்கதி. 'டேப் கிராஷ்டு' என்று வரும், காரணம் சொல்லாது. பெரிய பட்டியல் பக்கங்களில் மட்டும் இது நடந்தது. டாக்கர் ஒரு கன்டெய்னருக்குத் தரும் பகிர்வு நினைவகம் இயல்பாக 64 எம்பிதான். குரோம் தன் ப்ராசஸ்களுக்கு இடையே தகவல் பரிமாற அதைத்தான் நம்பியிருக்கிறது. இணையத்தில் எல்லோரும் சொல்லும் மருந்து 'டிஸேபிள்-டெவ்-எஸ்ஹெச்எம்-யூஸேஜ்' என்ற ஆப்ஷன். அதைப் போட்டால் அந்த வேலைக்கு டெம்ப் ஃபோல்டர் போய்விடும். வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கன்டெய்னரைக் கிளப்பும்போதே 'எஸ்ஹெச்எம்-சைஸ்' 2 ஜிபி என்று கொடுத்துவிட்டால் அந்த ஆப்ஷனே தேவைப்படாது. செலினியத்தின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜுக்கான குறிப்புகளும் அதைத்தான் சொல்கின்றன. நானும் அதையே செய்தேன். கூடவே 'இனிட்' ஆப்ஷனையும் கொடுத்தேன். இல்லையென்றால் செத்த குரோம் ப்ராசஸ்கள் போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கும்.

'நோ-சாண்ட்பாக்ஸ்' பற்றி ஒரு வார்த்தை. குரோமின் பாதுகாப்பு வேலியான சாண்ட்பாக்ஸை அணைக்கும் ஆப்ஷன் இது. ரூட் யூசராக ஓட்டினால், இது இல்லாமல் குரோம் கிளம்பவே மறுக்கும். ரூட் அல்லாத யூசராக ஓட்டினாலும், டாக்கரின் இயல்பான செக்கம்ப் கட்டுப்பாடு சாண்ட்பாக்ஸுக்குத் தேவையான சில அழைப்புகளைத் தடுக்கலாம். அதற்குத் தனி செக்கம்ப் ப்ரொஃபைல் எழுத வேண்டும். எங்கள் டெஸ்டுகள் எங்கள் தளத்தைத் தவிர வேறு எதையும் திறப்பதில்லை என்பதால் கன்டெய்னருக்குள் மட்டும் இதை ஏற்றுக்கொண்டேன். லேப்டாப்பில் ஓடும் அமைப்பில் இந்த வரி கிடையாது. பலர் ஒரே கோப்பை இரண்டு இடத்துக்கும் வைத்துக்கொண்டு, அலுவலக லேப்டாப்பில் சாண்ட்பாக்ஸ் இல்லாமல் இணையம் முழுக்கச் சுற்றுகிறார்கள்.

ஹெட்லெஸ் (திரையில் ஜன்னல் இல்லாமல் பிரவுசரை ஓட்டுவது) விஷயத்தில் கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். 2017-இல் குரோம் 59-இல் வந்த ஹெட்லெஸ், உண்மையில் தனியாக எழுதப்பட்ட வேறொரு பிரவுசர். டவுன்லோடு, எக்ஸ்டென்ஷன் என்று பல இடங்களில் அது அசல் குரோமைப் போல நடந்துகொள்ளாது. 112-இல் வந்த புதிய ஹெட்லெஸ் அசல் குரோமேதான், ஜன்னலைத் திரையில் காட்டாது, அவ்வளவுதான். 132-ஆம் பதிப்போடு பழையதைத் தனி நிரலாகப் பிரித்துவிட்டார்கள். ஆகவே 2023-க்கு முந்தைய குறிப்புகளில் 'ஹெட்லெஸில் டவுன்லோடு ஆகாது' என்று படித்தால் அது பழைய ஹெட்லெஸைப் பற்றியது.

புதியதிலும் மாறாத ஒன்று திரை அளவு. எதுவும் சொல்லாவிட்டால் ஹெட்லெஸ் குரோம் 800-க்கு 600 திரையை வைத்துக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸின் ஹெட்லெஸோ 1366-க்கு 768. அதனால் ஒரே டெஸ்ட் ஃபயர்பாக்ஸில் பச்சை, குரோமில் சிவப்பு. 800 அகலத்தில் எங்கள் இடதுபக்க மெனு சுருங்கி மூன்று கோடு பொத்தானுக்குள் போய்விடுகிறது. டெஸ்ட் தேடும் 'புதிய பில்' இணைப்பு பக்கத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. 'விண்டோ-சைஸ்' ஆப்ஷனில் 1366, 768 என்று கொடுத்ததும் அது சரியானது. ஆனால் ஜன்னல் அளவும் பக்கம் தெரியும் பரப்பும் ஒன்றல்ல. டேப் பட்டையும் முகவரிப் பட்டையும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். உயரம் முக்கியமான டெஸ்ட் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் 'இன்னர்ஹைட்' என்னவென்று கேட்டு லாகில் போட்டுக்கொள்வது நல்லது.

அதன் பிறகும் ஒரு டெஸ்ட் மட்டும் 'வேறொரு உறுப்பு கிளிக்கை வாங்கிக்கொண்டது' என்று விழுந்தது. பக்கத்தின் அடியில் ஒட்டியே நிற்கும் 'மொத்தம்' பட்டை, கடைசி வரிசையின் 'நீக்கு' பொத்தானை மூடியிருந்தது. ஜன்னல் உயரத்தை 1080 ஆக்கினால் டெஸ்ட் ஓடிவிடும். செய்யவில்லை. சின்னத் திரையுள்ள பழைய கணினியில் பில் போடும் கடைக்காரருக்கும் அந்தப் பொத்தான் மூடித்தான் இருக்கும். டெவலப்பரிடம் பிழையாகப் பதிந்தேன். பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் விட்டுச் சரிசெய்தார்கள்.

பிடிஎஃப் டவுன்லோடில்தான் நிறைய நேரம் போனது. பில்லைக் கிளிக் செய்தால் குரோம் அதைத் தன் உள் பார்வையிலேயே திறந்து காட்டுகிறது, கோப்பாக இறக்குவதில்லை. 'ப்ளகின்ஸ்.ஆல்வேஸ்_ஓபன்_பிடிஎஃப்_எக்ஸ்டெர்னலி' என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். இது கட்டளை வரி ஆப்ஷன் அல்ல, ப்ரெஃபரன்ஸ், அதாவது ப்ரொஃபைலுக்குள் உட்காரும் அமைப்பு. இரண்டும் வெவ்வேறு வழியில் போகும். டவுன்லோடு ஃபோல்டர், 'எங்கே சேமிக்க' என்று கேட்காமல் இருப்பது, இவையும் ப்ரெஃபரன்ஸ்தான். ஃபோல்டரை முழுப் பாதையாகக் கொடுக்க வேண்டும், புள்ளி வைத்துத் தொடங்கும் குறுக்குப் பாதை உதவாது. விண்டோஸில் அந்தப் பாதையில் பின்சாய்வுக் கோடுதான் போட வேண்டும்.

ஃபோல்டர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் இன்னொரு வம்பு. அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் குரோம் புதியதன் பெயரில் அடைப்புக்குறிக்குள் 1 சேர்த்துவிடும். டெஸ்ட் பழைய பில்லைத் திறந்து பார்த்து 'சரி' சொல்லிவிட்டுப் போகும். தவறாகச் சிவப்பாவதைவிடத் தவறாகப் பச்சையாவது மோசம். அதனால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனி தற்காலிக ஃபோல்டர் வைத்தேன். இறங்கி முடியும்வரை கோப்பின் பெயர் 'சிஆர்டவுன்லோட்' என்ற வாலோடு இருக்கும், ஃபயர்பாக்ஸில் 'பார்ட்'. அந்த வால் போய், எதிர்பார்த்த பெயரும் வந்த பிறகே திறக்க வேண்டும். 5 நொடி தூங்கச் சொல்லும் வழக்கம் நெட் மெதுவான அன்றைக்குக் காலை வாரும்.

லாகின் டெஸ்டில் வந்தது விசித்திரமானது. லாகின் முடிந்து முகப்புப் பக்கம் வந்தபிறகு எந்த கிளிக்கும் ஏறவில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் பக்கம் சுத்தமாக இருக்கிறது. ஹெட்லெஸை நிறுத்திவிட்டு, செலினியத்தின் டாக்கர் இமேஜில் 7900 போர்ட்டைத் திறந்து, ஓடும் திரையை நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. டெஸ்ட் கணக்கின் கடவுச்சொல் எல்லோரும் வைக்கும் வகை. 'இந்தக் கடவுச்சொல் கசிந்த பட்டியலில் இருக்கிறது, மாற்றுங்கள்' என்று குரோம் ஒரு பெட்டியை நடுவில் வைத்துவிட்டது. அது பிரவுசரின் பெட்டி, பக்கத்தின் பகுதி அல்ல. செலினியத்துக்கு அது தெரியாது, ஸ்கிரீன்ஷாட்டிலும் விழாது. 'ப்ரொஃபைல்.பாஸ்வேர்ட்_மேனேஜர்_லீக்_டிடெக்ஷன்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் போய்விடும். டெஸ்ட் கணக்குக்கு நீளமான, எங்கும் இல்லாத கடவுச்சொல் வைத்தாலும் போய்விடும். இரண்டையும் செய்தேன். 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா' பெட்டியையும் அதே கையோடு அணைத்தேன். நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கு 2, அதாவது தடு. 1 என்றால் அனுமதி.

இனி எண்களும் தேதிகளும். பில்லின் மொத்தத் தொகை லேப்டாப்பில் 1,23,456.00. கன்டெய்னரில் 123,456.00. மென்பொருள், பிரவுசர் சொல்லும் முதல் மொழியை வைத்து எண்ணை வடிவமைக்கிறது. லேப்டாப்பில் அது இந்திய ஆங்கிலம், கன்டெய்னரில் அமெரிக்க ஆங்கிலம். 'இன்டல்.அக்செப்ட்_லாங்குவேஜஸ்' என்ற ப்ரெஃபரன்ஸை இந்திய ஆங்கிலமாக்கினால் டெஸ்ட் பச்சையாகும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ரூபாய் பில்லில் லட்சத்துக்குக் காற்புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை கடைக்காரர் பிரவுசரின் மொழியா முடிவு செய்வது? விண்டோஸைப் போட்டுத் தந்தவர் அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுப்போன கணினிகள் கடைகளில் எத்தனையோ. ஆகவே கன்டெய்னரை அமெரிக்க ஆங்கிலத்திலேயே வைத்து, பிழையை மென்பொருள் பக்கம் தள்ளினேன். இப்போது கோடிலேயே இந்திய வடிவம் என்று நேரடியாக எழுதிவிட்டார்கள். மொழி ப்ரெஃபரன்ஸைப் பின்னர் போட்டேன், தமிழ் இடைமுகம் தானாக வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு மட்டும்.

தேதி இதைவிடச் சூட்சுமம். பகலில் கையால் ஓட்டினால் பச்சை, இரவில் தானாக ஓடினால் சிவப்பு. கன்டெய்னரின் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கு இரவு 2 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 8.30. பில்லில் நேற்றைய தேதி விழுகிறது. காலை 5.30 வரை இதே கதைதான். கன்டெய்னரில் 'டிஇஸட்' என்ற சூழல் மாறியை 'ஆசியா/கொல்கத்தா' ஆக்கினால் குரோம் அதை எடுத்துக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட டெஸ்டுக்கு மட்டும் நேர மண்டலத்தை மாற்ற வேண்டுமென்றால் குரோமை வெளியிலிருந்து இயக்கும் டெவ்டூல்ஸ் புரோட்டோகாலில் 'செட்டைம்ஸோன்ஓவர்ரைட்' என்ற கட்டளை இருக்கிறது. செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட்டில் எழுதுபவர்களுக்கு மொழியும் நேர மண்டலமும் ஆளுக்கு ஒரு வரி, அந்த வசதியைப் பார்த்தால் பொறாமைதான். பில் தேதியை பிரவுசரிடம் கேட்பதா, சர்வரிடம் கேட்பதா என்ற விவாதம் எங்கள் குழுவில் கொஞ்சம் நீண்டது. ஏப்ரல் 1 அதிகாலையில் போட்ட பில்லில் மார்ச் 31 விழுந்தால் அது முந்தைய நிதியாண்டின் கணக்கில் போய்விடும் என்று ஒருவர் சொன்னதும் முடிந்தது. தேதி இப்போது சர்வரில் இந்திய நேரப்படி போடப்படுகிறது. கன்டெய்னரை வேண்டுமென்றே யுடிசியிலேயே விட்டுவைத்திருக்கிறேன். அப்படி விட்டால்தான் யாராவது மறுபடி பிரவுசர் தேதியை எடுத்தால் அகப்படும்.

தமிழ் பில்லின் ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள். டாக்கர் இமேஜில் தமிழ் எழுத்துரு எதுவும் கிடையாது. டெபியனில் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' தொகுப்பைப் போட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ் வந்துவிடும். அது கொஞ்சம் பெரிது. லோஹித் தமிழ் மட்டும் போதுமென்றால் அதற்கும் தனித் தொகுப்பு உண்டு. 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையில் மொழி 'டிஏ' என்று கேட்டுப் பார்த்தால் வந்ததா என்று தெரியும். எழுத்துகள் வந்தன, ஸ்கிரீன்ஷாட் ஒப்பீடு மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. விண்டோஸில் தமிழுக்கு நிர்மலா யூஐ, இங்கே நோட்டோ. அகலமும் வரி உயரமும் வேறு. 'பில்லைச் சேமிக்கவும்' பொத்தான் ஒன்றில் ஒரு வரியில் நிற்கிறது, இன்னொன்றில் இரண்டாக மடிகிறது. எழுத்துருவை மென்பொருளோடு சேர்த்தே அனுப்புவது என்று முடிவானதும் இரண்டு இடத்திலும் ஒரே தோற்றம் வந்தது. கடைக்காரர்களுக்கும் அதனால் லாபம்.

தமிழில் தட்டச்சு செய்யும் டெஸ்டுகள் தொல்லை தரவில்லை. தமிழ் எழுத்துகள் யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்குள்ளேயே இருப்பதால் குரோம்டிரைவர் அவற்றை நேராக அனுப்பிவிடும். பொருள் பெயரில் எமோஜி போட்ட டெஸ்டைத்தான் அது மறுத்தது. அதை ஜாவாஸ்கிரிப்ட் வழியாக நுழைத்தேன். ஒப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும்: 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம், சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டு பக்கத்தையும் குறிகளைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்.

கேமரா டெஸ்ட் எனக்குப் பிடித்தது. கன்டெய்னரில் கேமரா ஏது? குரோமில் 'யூஸ்-ஃபேக்-டிவைஸ்-ஃபார்-மீடியா-ஸ்ட்ரீம்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. பொய்க் கேமரா ஒன்றைக் காட்டும். அதோடு 'யூஸ்-ஃபேக்-யூஐ-ஃபார்-மீடியா-ஸ்ட்ரீம்' ஆப்ஷனையும் சேர்த்தால் அனுமதிக் கேள்வியும் வராது. இன்னொரு ஆப்ஷனில் நம் சொந்த வீடியோ கோப்பையே கேமராவாகக் கொடுக்கலாம். பிஸ்கட் பாக்கெட்டின் பார்கோடை ஒரு படமாக எடுத்து, எஃப்எஃப்எம்பெக் கருவியில் ஒய்4எம் வீடியோவாக மாற்றினேன். அது சுருக்கப்படாத வடிவம். 640-க்கு 480 அளவில் ஒரு ஃப்ரேமே 450 கேபி, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 13 எம்பியைத் தாண்டும். குரோம் அதையே சுற்றிச் சுற்றி ஓட்டுவதால் ஒரு நொடி வீடியோ போதும். எம்ஜேபெக் வடிவமும் ஏற்றுக்கொள்ளும்.

லேப்டாப்பில் இது ஓடியது. கன்டெய்னரில் 'மீடியாடிவைசஸ்' என்ற பொருளே இல்லை என்றது. அங்கே தளத்தின் முகவரி வெறும் ஹெச்டிடிபி. பாதுகாப்பான இணைப்பிலோ லோக்கல்ஹோஸ்டிலோ மட்டும்தான் பிரவுசர் கேமராவைக் கண்ணில் காட்டும். லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்பதால் தப்பித்திருந்தது. அந்த முகவரியைப் பாதுகாப்பானதாக நடத்தச் சொல்லும் ஆப்ஷன் குரோமில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, டெஸ்ட் சூழலுக்கே ஒரு சான்றிதழ் செய்து ஹெச்டிடிபிஎஸ் ஆக்கினேன். அந்தச் சான்றிதழை ஏற்க 'அக்செப்ட்இன்செக்யூர்சர்ட்ஸ்' என்ற சுலப வழியையும் எடுக்கவில்லை. அது காலாவதியான சான்றிதழையும் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். நாங்களே உருவாக்கிய சான்றளிப்பு மூலத்தை, குரோம் லினக்ஸில் பார்க்கும் என்எஸ்எஸ் சான்றிதழ் சேமிப்பில் 'சர்ட்யூடில்' கருவியால் சேர்த்தேன். இமேஜ் கட்டும்போது ஒரு வரி கூடுதல், அவ்வளவே. 'டிஸேபிள்-வெப்-செக்யூரிட்டி' என்ற ஆப்ஷனைப் பழைய கோப்பு ஒன்றில் பார்த்ததும் எடுத்தேன். எடுத்ததும் ஒரு உண்மையான கார்ஸ் பிழை (வேறு முகவரியிடம் தரவு கேட்கும் அனுமதி தொடர்பானது) வெளியே வந்தது.

ப்ரொஃபைல் பற்றி: ஒவ்வொரு முறையும் லாகின் செய்வதைத் தவிர்க்க, தன் சொந்தக் குரோம் ப்ரொஃபைலையே டெஸ்டுக்குக் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. விளம்பரத் தடுப்பானும் பழைய குக்கீயும் கூடவே வந்துவிடும். 2025-இல் வந்த குரோம் 136 முதல், இயல்பான ப்ரொஃபைல் ஃபோல்டரில் ரிமோட் டீபக்கிங் போர்ட்டை அனுமதிப்பதும் இல்லை. எதுவும் கொடுக்காவிட்டால் குரோம்டிரைவர் தானே புது ப்ரொஃபைல் ஒன்றை டெம்ப்பில் உருவாக்கி, முடிந்ததும் அழித்துவிடும். அதையே விட்டுவிட்டேன். லாகினுக்கு ஏபிஐ வழியாக டோக்கன் வாங்கிக் குக்கீயாகப் போட்டுக்கொள்கிறேன். லாகின் பக்கத்தைச் சோதிக்கும் டெஸ்ட் மட்டும் முழுதாக லாகின் செய்யும்.

ஃபயர்பாக்ஸுக்கு இவற்றில் பாதி வேறு பெயரில் போனது. டவுன்லோடு ஃபோல்டரை நாமே சொல்ல 'பிரவுசர்.டவுன்லோட்.ஃபோல்டர்லிஸ்ட்' 2, பிடிஎஃப் உள்ளே திறக்காமல் இருக்க 'பிடிஎஃப்ஜேஎஸ்.டிஸேபிள்ட்' ட்ரூ. சஃபாரியில் அமைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. 'சஃபாரிடிரைவர்' கட்டளையை ஒருமுறை எனேபிள் செய்து, டெவலப்பர் அமைப்பில் ரிமோட் ஆட்டோமேஷனை அனுமதித்தால் போதும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான்.

பார்கோடு டெஸ்ட் மட்டும் ஃபயர்பாக்ஸில் பாக்கி. அங்கேயும் பொய்க் கேமரா உண்டு, 'மீடியா.நேவிகேட்டர்.ஸ்ட்ரீம்ஸ்.ஃபேக்' என்று. ஆனால் நம் வீடியோவைக் கொடுக்க அதில் இடமில்லை, நிறம் மாறும் படத்தைத்தான் காட்டும். அதில் எந்த ஸ்கேனரும் பார்கோடைப் படிக்காது. இப்போதைக்கு அந்த டெஸ்டை ஃபயர்பாக்ஸில் தவிர்க்கச் சொல்லி, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஒருவர் நிஜ பிஸ்கட் பாக்கெட்டைக் கேமரா முன் நீட்டிப் பார்க்கிறார்.